ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு வாற்ஸ்

கல்முனைக்குடியில் வயரிங் வேலை தெரிந்தவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். சுவிச்சைத் தட்டினால் பல்ப் எரிய வேண்டும், அவர்களுக்கு அது போதும். றிபாஸுக்கு அது போதாது. நாற்பத்திரண்டு வயதாகியும் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு அலைகிற ஆள். வோல்ற்றை அம்பியரால் பிரித்தால் தடை, பெருக்கினால் வாற்ஸ். இந்த இரண்டு கணக்கும் சரியாக வந்தால் அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம் என்பான். யாராவது ஜின், பேய் என்று தொடங்கினால், "அது எத்தின அம்பியர் இழுக்கும்?" என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்துவிடுவான்.

போன மாரியில் ஒருநாள் பக்கத்துத் தெரு ஸம்றா அவனுக்குப் போன் எடுத்தாள். அவளுடைய அண்ணன், அவள் காக்கா என்று கூப்பிடும் உதுமாலெவ்வை, மௌத்தாகி அடக்கம் செய்து முப்பத்தெட்டு நாள்.

"தம்பி, மதினி காக்கா தொழுற இடத்த விட்டு அசையிறா இல்ல. அந்த நிலம் சுடுது. நானும் பாய்க்கு மேல கை வெச்சுப் பாத்தன். உசிரோட இரிக்கிற ஆள்ர உடம்பு மாதிரிச் சுடுது."

றிபாஸ் சிரித்துக்கொண்டுதான் போனான். மத்தியான லுஹர் தொழுகை முடிந்த நேரம். வானம் கறுத்துக் கிடந்தது, மழை விட்டுவிட்டுத் தூறியது. உதுமாலெவ்வையின் மனைவி ஜுனைதா தனியாக இருந்தாள். அவள் கணவனை இழந்து இத்தாவில் இருப்பவள். நாலு மாசம் பத்து நாள் முடியும்வரை பிற ஆண்கள் அவளைப் பார்க்கக் கூடாது. ஆகவே அவன் முற்றத்தில் நின்றான். அறை ஜன்னலில் தடித்த திரை தொங்கியது. அதன் கீழ்தான் கரண்ட் மீற்றர்.

"ராத்தா, எல்லா சுவிச்சையும் நிப்பாட்டுங்க. பிளக்குகளையும் கழட்டுங்க. மெயின் மட்டும் இரிக்கட்டும்."

உள்ளே டக், டக் என்று சத்தம் கேட்டது. "எல்லாம் முடிஞ்சி, தம்பி."

வீட்டுக்குள் போகும் வயரை, கரண்டை அளக்கும் கவ்வுமீற்றரால் கவ்விப் பார்த்தான். இரண்டு தசம் ஆறு அம்பியர். மீற்றரைத் தட்டினான், உதறினான், மறுபடியும் கவ்வினான். அதே இரண்டு தசம் ஆறு. வோல்ற் இருநூற்று முப்பது. சுவரிலேயே எழுதினான். பிரித்தால் எண்பத்தெட்டரை ஓம்ஸ். பெருக்கினால் ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு வாற்ஸ். எதுவுமே ஓடாத வீட்டில் ஏதோ ஒன்று அறுநூறு வாற்ஸ் குடித்துக்கொண்டிருந்தது. அவனுக்கு மயிர் கூச்செறிந்தது. இத்தனை காலம் ஊரைக் கேட்ட கேள்விக்கு மீற்றர் அவனுக்கே பதில் சொல்கிறது.

"அவர்தான் தம்பி," என்றாள் திரைக்குப் பின்னால் ஜுனைதா. குரலில் ஒரு பெருமை. "பாய விரிச்சிப் படுத்தா முதுகுல அவர்ர சூடு ஏறும். நேத்து மழைக்கு இன்னும் கூட."

மழைக்கு என்ற சொல்லில் றிபாஸுக்குப் பொறி தட்டியது. "ராத்தா, அந்த நிலத்துக்குள்ளால வயர் போகுதா?"

"ஓம். கட்டிலடிக்குப் பிளக் வேணுமெண்டு அவர்தான் போட்டார். வயர வெச்சி மேலால சீமெந்து பூசினார்."

"குழாய் போடலயா?"

"இல்ல. மாரியில ட்ரிப் சுவிச்சி விழுந்து விழுந்து கரைச்சல். அதையும் கழட்டிட்டு கரண்ட நேரா குடுத்திட்டார்."

அடப் பாவி மனிதா, என்று செத்தவனைத் திட்டினான் றிபாஸ். வயரின் தோல் உரிந்து, கரண்ட் உப்பு மண்ணுக்குள் கசிகிறது; மழையில் மண் நனைய நனையக் கசிவும் சூடும் கூடுகிறது. காய்ந்த பாய் ஒன்றுதான் இந்த மனுசியை இத்தனை நாளும் காப்பாற்றியிருக்கிறது.

அவன் வாய் திறக்குமுன் கையிலிருந்த மீற்றர் அசைந்தது. மூன்று தசம் ஒன்று. மூன்று தசம் எட்டு. நாலு தசம் ஆறு. உள்ளே யாரோ பெருமூச்சு விட்டது போல ஒரு சீறல்.

"ராத்தா! என்ன செய்றீங்க?"

"நாளையண்டைக்கு அவர்ர நாப்பதாம் நாள் கத்தம் ஓதுற. நிலத்தக் கழுவுவமெண்டு தண்ணி ஊத்தினன்."

ஐம்பது ஓம்ஸ். ஆயிரத்து ஐம்பத்தெட்டு வாற்ஸ். இதற்கு அவனுக்குப் பென்சில் தேவைப்படவில்லை.

"காலு எங்க இரிக்கி?"

"கட்டிலுக்கு மேல. இருந்தபடிதான் வாளியச் சரிச்சன். இப்ப இறங்கப் போறன்."

"இறங்காதீங்க! அல்லாஹ்வுக்காக இறங்காதீங்க! கரண்ட் அடிச்சிப் போடும். மெயின் எங்க இரிக்கி?"

"தலமாட்டுச் செவருல. கை எட்டும்."

"கைய நல்லாத் துடைச்சிட்டு நிப்பாட்டுங்க."

அவன் மீற்றரைப் பார்த்தான். நாலு தசம் எட்டு.

"நிப்பாட்டினா சூடு போயிரும், என்ன தம்பி?"

ஒரு பொய் சொன்னால் வேலை முடிந்துவிடும். அவன் நாக்கு அதற்கு வளையவில்லை. "ஓம் ராத்தா. அது கரண்ட்ர சூடு."

ஐந்து அம்பியர். திரையைக் கிழித்துக்கொண்டு பாயலாமா என்று ஜன்னல் கம்பியைப் பிடித்தான். அப்போது டக் என்றது. மீற்றரில் பூச்சியம்.

அவன் ஈர மண்ணிலேயே குந்திவிட்டான். உள்ளே அவள் இறங்குவதும் தண்ணீரில் கால் அளைவதும் கேட்டன.

"தம்பி, கை வெச்சிப் பாத்தன். இன்னும் சுடுது. எவ்வளவு நேரம் இரிக்கும்?"

அந்தக் கணக்கு அவனுக்குத் தெரியாது. "ஒரு மணித்தியாலம் இரிக்கும்."

"அது வரைக்கும் நான் இதுல படுத்துக்கிடக்கட்டா?"

றிபாஸ் மீற்றரை இன்னொரு தரம் கவ்விப் பார்த்தான். பூச்சியம்தான்.

"படுங்க ராத்தா," என்றான். "நான் இஞ்சதான் நிக்கிறன்."