என் கணினியில் மட்டும் திறந்த பக்கங்கள்

இணையதளம் செய்கிறவர்களின் பாதி வாழ்க்கை, ‘என் கணினியில் நல்லாத்தானே இருந்தது’ என்று சொல்வதிலேயே கழிகிறது, நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

காலிக் கட்டங்கள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்குத் தளம் செய்தேன். மழை பெய்த மதியம், என் திரையில் மாதிரி ஷூக்கள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. யாரும் போடாமல் தாமாகவே எங்கோ நடந்து போவதுபோல இருந்தது. அந்த மயக்கத்திலேயே சர்வரில் ஏற்றிவிட்டேன். படங்களின் இணைப்புகளில் என் கணினியின் முகவரியே இருந்ததைக் கவனிக்கவில்லை. மேனேஜர் ரபீக் பாய் தன் போனில் திறந்தால் வரிசையாகக் காலிக் கட்டங்கள். காரணத்தைச் சொன்னேன். “இன்னாம்மா, ஷூவெல்லாம் உன் வீட்டு வாசல்லயே கழட்டி வச்சிட்டு வந்துட்டியா?”

பெரிய எழுத்து

முகவரிகளை மாற்றியும் பாதிப் படங்கள் வரவில்லை. ஃபோல்டரின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கியது. இணைப்பில் நான் சின்ன எழுத்து போட்டிருந்தேன். என் கணினி இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டது, சர்வர் ஒப்புக்கொள்ளவில்லை. பக்கத்து சீட் கல்பனா எட்டிப் பார்த்தாள். “உன் கம்ப்யூட்டர் உன்கிட்ட ரொம்பப் பாசமா இருக்குதுடி, அதான் பேஜார்.”

அமுதாவின் விண்ணப்பம்

வேலைக்கு விண்ணப்பிக்கும் பக்கம் மட்டும் ஒழுங்காகத் திறந்தது. அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. இரண்டு வாரம் கழித்து, தளத்தை முதலில் ஓட்டிப் பார்த்த பழைய சோதனை சர்வரை அழிக்க உட்கார்ந்தபோது உள்ளே ஒரு விண்ணப்பம் இருந்தது. நெமிலி அமுதா, தையல் பிரிவு சூப்பர்வைசர் வேலைக்கு. ‘அனுப்பு’ பொத்தானின் பாதையை நான் மாற்றவே இல்லை, அது இன்னும் சோதனை சர்வருக்கே போய்க்கொண்டிருந்தது. ஆளில்லாத ஸ்டேஷனில் இறங்கியவளைப்போல அந்தப் பெயர் அங்கே தனியாக நின்றுகொண்டிருந்தது. மற்றவர்கள் நேரில் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்கு முந்தின நாளே நேர்காணல் முடிந்திருந்தது.

பாயிடம் போய், தப்பு என்னுடையது என்றேன். இன்னும் ஆள் எடுக்கவில்லை என்று மட்டும் சொல்லி, மேஜைமேல் இருந்த போனை என் பக்கம் நகர்த்தினார். அமுதாவிடம் நானே பேசினேன். மறுநாள் காலை வந்தாள். பாய் நீட்டிய ஷூவை ஒருமுறை தடவிப் பார்த்து, தையல் பிசகிய இடத்தில் விரலை வைத்தாள். வேலை கிடைத்தது. வெளியே வந்தவளிடம் விண்ணப்பம் தப்பான பாதையில் போனதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “பதில் வரலைன்னதும் நான்தான் லாயக்கில்லைன்னு நெனச்சிட்டேன் மேடம். கடைசில ரோடுதான் தப்பா?”

இப்போதெல்லாம் ஒரு தளத்தை ஏற்றியதும், என்மேல் துளியும் பாசமில்லாத யாராவது ஒருவரின் போனை வாங்கித்தான் திறந்து பார்க்கிறேன்.