தனியாக வருகிறவர்களின் சனிக்கிழமை

பதினோரு வருஷமாக நான் அங்கத்தினராக இருக்கிற சர்ச்சில், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் புதிதாக வந்தவள் என்று எழுப்பி நிற்க வைத்தார்கள்.

தாம்பரத்தில் எங்கள் சர்ச் பெரியது. காலையில் மட்டும் மூன்று ஆராதனை. ஒன்று முடிந்து ஜனம் வெளியே வருவதற்குள் அடுத்ததுக்கு ஆட்கள் உள்ளே முண்டிக்கொண்டிருப்பார்கள். கேட்டருகே காரும் ஸ்கூட்டரும் சிக்கிக்கொள்ளும், ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்வார்கள். என் வீட்டுக்காரர் இருந்தவரை எனக்கு இதெல்லாம் உறைக்கவில்லை. அவர் ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாலும், முடிந்ததும் செருப்பு விடுகிற இடத்தில் எனக்காக நிற்பார். அவர் போன பிறகுதான், அந்த இடத்தில் எனக்காக நிற்க வேறு ஆள் கிடையாது என்று தெரிந்தது. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை.

அவர் போன அடுத்த வருஷம் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் கால் பிசகி விழுந்தேன். எலும்பு முறிவு. இரண்டரை மாதம் வீட்டோடு கிடந்தேன். சர்ச்சிலிருந்து யாராவது ஜெபம் பண்ண வருவார்கள் என்று முதல் இரண்டு வாரம் ஹாலைக் கூட்டி வைக்கச் சொன்னேன், வேலைக்கு வரும் பெண்ணிடம். மூன்றாவது வாரம், "விடும்மா, நீ போ" என்றேன்.

கால் சரியாகி, கைத்தடியோடு போன அன்றைக்குத்தான் அந்தக் கூத்து. வாசலில் நின்ற ஒரு பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "ஆன்ட்டி, முதல் தடவையா வர்றீங்களா? இந்த கார்டை ஃபில் பண்ணுங்க" என்று கையில் திணித்தாள். இல்லைம்மா என்று சொல்லியிருக்கலாம். எனக்குக் கோபம் வந்தால் ஒன்று வாய் அடைத்துப்போகும், இல்லாவிட்டால் கொட்டித் தீர்த்துவிடும், நடுவில் எதுவும் கிடையாது. அன்றைக்கு அடைத்துப்போயிற்று. கார்டை நிரப்பிக் கொடுத்தேன். அறிவிப்புகள் முடிந்ததும், "இன்று முதல்முறையாக நம்மோடு ஆராதிக்க வந்திருப்பவர்கள் எழுந்து நிற்கலாம்" என்றார்கள். நின்றேன். சபை முழுக்கக் கை தட்டியது. வருஷக்கணக்காக எனக்கு முன் பெஞ்சில் உட்காருகிற அம்மாள்கூடத் திரும்பிப் பார்த்து, நல்வரவு என்று தலையாட்டிக் கை தட்டினாள். வீட்டுக்கு வந்து அழுதேன். சாப்பிடவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை போதகர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"வாலிபர் சங்கம் இருக்கு, பெண்கள் ஐக்கியம் இருக்கு, தம்பதியர் கூடுகை இருக்கு. ஏரியா ஜெபம் எல்லா ஏரியாவிலும் நடக்குதேம்மா" என்றார்.

"தனியா வர்றவங்களுக்கு ஒண்ணும் இல்லையே ஐயா" என்றேன்.

நல்ல மனுஷர். அவரும் பாவம், எத்தனை பேர் முகத்தைத்தான் ஞாபகம் வைப்பார். கார்டு விஷயத்தைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது, வெட்கமாக இருந்தது, விழுங்கிவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஞாயிறு பள்ளி வகுப்பு ஒன்றைத் தந்தார். சுவரெல்லாம் பிள்ளைகள் கிரேயானில் வரைந்த நோவா பேழை. நாற்காலிகளும் பிள்ளைகளுக்கானவை. உட்கார்ந்தால் முழங்கால் மோவாயை இடிக்கும்.

முதல் வாரம் ஒரே ஒருவர் வந்தார். கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு ரிட்டயர்டு மனுஷர், மனைவி இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். அவரும் வேறு ஏதோ கமிட்டி மீட்டிங் என்று நினைத்து வந்தவர். "யாரும் வரலையா சிஸ்டர்?" என்றார். "நீங்க வந்திருக்கீங்களே பிரதர்" என்றேன். இரண்டு பேரும் ஒரு பாட்டைப் பாடினோம். அவர் ஒரு ராகத்தில், நான் ஒரு ராகத்தில். கர்த்தர் அன்றைக்குக் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்.

பிறகு ஒரு நர்ஸ் பெண் வந்தாள், நாகர்கோவில் பக்கம், இங்கே ஹாஸ்டலில் இருப்பவள். அவள் மூலமாக இன்னும் இரண்டு பேர். இப்படியே ஒரு வருஷத்தில் இருபது பேருக்குக் கிட்டே வந்துவிட்டோம். வட்டமாக உட்காருவோம். ஒரு பாட்டு, ஒரு வேதபகுதி, வாரத்துக்கு ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும், ஜெபம், பிறகு டீ. சாட்சி என்றால் பெரிய அற்புதம் எல்லாம் வேண்டாம், அந்த வாரம் எப்படிப் போயிற்று என்று சொன்னால் போதும் என்று வைத்திருந்தேன். ராத்திரி சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுகிறேன் என்று கீழ்க்கட்டளைப் பெரியவர் சொன்னார். உட்கார்ந்தால் எதிரில் காலி நாற்காலி தெரிகிறதாம். அன்றைக்கு யாருக்கும் டீ இறங்கவில்லை.

என் முறை வந்தால் மட்டும் நான் ஃபிளாஸ்க்கைத் திறக்க எழுந்துவிடுவேன். நடத்துகிறவளுக்கு என்ன சாட்சி என்று ஒரு நினைப்பு.

ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தேன். ஒருவர் வரவில்லை என்றால் அன்றைக்கே போன் போக வேண்டும். அந்த வேலையை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் புடவைகூட மாற்றாமல் உட்கார்ந்து, வராதவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவேன். "என்ன ஆச்சு, ஏன் வரலை? சாப்பிட்டீங்களா?" எனக்கு வாரத்திலேயே பிடித்த நேரம் அதுதான். மற்ற நாளெல்லாம் டிவியோடும் குக்கர் விசிலோடும்தான் என் சம்பாஷணை.

இரண்டாவது வருஷம் மழைக்குப் பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. மூட்டுமூட்டாக வலி. சனிக்கிழமை எழுந்திருக்கவே முடியவில்லை. ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம். போடவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, வேண்டுமென்றேதான் போடவில்லை. யார் கூப்பிடுகிறார்கள் பார்ப்போம் என்று ஒரு வீம்பு. வாட்ச்மேன் அறையைத் திறந்துவிடுவார், கூட்டம் அதுபாட்டுக்கு நடக்கும்.

ஆறரைக்கு முடிந்திருக்கும். போனைத் தலையணை மேலேயே வைத்துக்கொண்டேன். ஏழாயிற்று. ஏழரை. சைலன்ட்டில் போட்டுவிட்டேனோ என்று எடுத்துப் பார்த்தேன். அதிலும் சமாதானமாகாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்குப் போய், லேண்ட்லைனிலிருந்து என் நம்பருக்கு நானே அடித்தேன். படுக்கையறையில் நன்றாகவே மணி அடித்தது. அதைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன். ஞாயிறும் யாரும் கூப்பிடவில்லை. திங்களும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஆட்டோ பிடித்துப் போனேன், வழி முழுக்க மனதுக்குள் திட்டிக்கொண்டே. இரண்டு வருஷம் உங்களோடு மாரடித்தேனே, ஒருத்தருக்காவது தோன்றிற்றா, இத்தோடு கடையைக் கட்டுகிறேன். எல்லாம் வரிசையாகத் தயாராக இருந்தது. ஃபிளாஸ்க்கைக்கூட எடுத்துப் போகவில்லை.

உள்ளே நுழைந்ததும் நர்ஸ் பெண்தான் எழுந்து வந்தாள். என்னைவிட அதிகமாக முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"போன வாரம் நான் வரலை ஆன்ட்டி. டியூட்டி மாத்திப் போட்டுட்டாங்க. உங்க போன் வரும்னு பிரேக்ல போனைக் கையிலேயே வெச்சிருந்தேன். வரவே இல்லை. என்னை மறந்துட்டீங்கள்ல?"

"நானே வரலையேடி" என்றேன்.

"வரலையா?" அவள் பெரியவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வரலைன்னு பார்த்தோம். கூப்பிடலாமான்னு யோசிச்சேன் சிஸ்டர். அப்புறம், ஏதாவது விசேஷத்துக்குப் போயிருப்பீங்க, அந்த நேரத்துல தொந்தரவு எதுக்குன்னு விட்டுட்டேன். எங்களை மாதிரியா, உங்களுக்கு ஆளுங்க இருப்பாங்களே."

திட்டு ஒன்றும் வாயில் வரவில்லை. இருபது பேர் அந்தப் பிள்ளை நாற்காலிகளில் உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். அவர்கள் வீட்டு அலமாரியில் என்ன மாத்திரை இருக்கிறது என்பதுவரை எனக்குத் தெரியும். என் கால் முறிந்தது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. வீட்டுக்காரர் போனது தெரியாது. புதிதாக வந்தவள் என்று நின்று கைதட்டு வாங்கியதைச் சொல்லவே இல்லை. இந்த மனுஷர்கள் மேல் என்ன தப்பு? எல்லாவற்றையும் நான்தான் பூட்டி வைத்திருந்தேன்.

"எனக்கு யாரும் இல்லை பிரதர்" என்றேன். "நானும் தனியாத்தான் வர்றேன்."

சொல்லிவிட்டுக் கைக்குக் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தேன். நர்ஸ் பெண் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தன் போனில் என் நம்பரைத் தேடி எடுத்தாள். அதில் 'சனிக்கிழமை சர்ச்' என்று போட்டிருந்தது. அதை அழித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆன்ட்டி, உங்க பேரு என்ன?"

சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.