கிழங்கு ஆய்வாளர் கொடுத்த இரண்டாம் பரிசு

வெஸ்லி டாரன்ஸ் எங்கள் தெருவுக்குக் குடிவந்தது 1981 மார்ச்சில். பெல்ஃபாஸ்டிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத் தொலைவில், பதினெட்டு வீடுகள் கொண்ட தெரு. பாதி கத்தோலிக்க வீடுகள், பாதி புராட்டஸ்டன்ட் வீடுகள். வெஸ்லி புராட்டஸ்டன்ட்; போலீஸ்காரர். இரண்டாவது விஷயம் யாருக்கும் தெரியக்கூடாது; ஆயுதக் குழுக்கள் போலீஸ்காரர்களை வீடு தேடி வந்து கொன்ற காலம் அது.

ஆறு வருடத்தில் அது அவருக்கு மூன்றாவது வீடு. முதல் வீட்டை விட்டது ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்த ஒரு கல்லால். இரண்டாவதை விட்டது தபாலில் வந்த ஒரு தோட்டாவால். உறையில் அவர் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் மனைவி ஐரீன் தன் நீலக்கரை போட்ட கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினாள். பன்னிரண்டாக இருந்தவை ஒன்பதாகிவிட்டன. இனிமேல் கோப்பைகளைக் கட்ட மாட்டேன், இந்த வீட்டில்தான் சாவேன் என்று வந்த அன்றே சொல்லிவிட்டாள்.

யாராவது வேலையைப் பற்றிக் கேட்டால், 'அரசாங்க குமாஸ்தா' என்று சொல்வது போலீஸ்காரர்களின் வழக்கம். அதில் ஒரு சிக்கல். அரசாங்க குமாஸ்தா என்று யாராவது சொன்னாலே, அவர் போலீஸ் என்று ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரிந்துவிடும். வேறு ஏதாவது நல்ல பொய்யாகச் சொல்ல வேண்டும் என்று வெஸ்லி தீர்மானித்திருந்தார். எந்தப் பொய் என்று தீர்மானிக்கவில்லை. அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் பிலோமினா மக்கார்ட்டன் வந்து நின்றுவிட்டாள். அறுபது வயது, விதவை, கத்தோலிக்கர். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். வெஸ்லியின் தோளில் அப்போது ஒரு கிழங்கு மூட்டை இருந்தது.

"உருளைக்கிழங்கு ஆய்வாளர்," என்றார். "கிழங்குல நோய் இருக்கான்னு பாக்குறது."

பிலோமினா அவரைப் பார்த்தாள். பிறகு மூட்டையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள். நல்ல வேலைதான், நம் ஊரில் அதற்கு என்றைக்கும் குறைவிருக்காது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஐரீன் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏங்க, கிழங்கத் திங்கறதத் தவிர அதப்பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

ஒன்றும் தெரியாது. அடுத்த வாரமே பிலோமினா ஒரு தட்டில் சொறி பிடித்த கிழங்குகளோடு வந்தாள். வெஸ்லி அவற்றைத் திருட்டுப் பொருளைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அலுவலகத்தில் சோதித்துச் சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். அந்த அலுவலகம் மணல் மூட்டைகளுக்கும் கம்பிவலைக்கும் பின்னால் இருந்த ஒரு காவல் நிலையம். அங்கே கிழங்கைச் சோதிக்க யாரும் இல்லை. ஆனால் பக்கத்தில் நூலகம் இருந்தது. காவல் கூண்டில் குண்டு துளைக்காத சட்டையோடு உட்கார்ந்து, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, கிழங்கு நோய்களைப் பற்றிய புத்தகத்தை அவர் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.

சாலைச் சோதனையில் நிற்கும்போது விவசாயிகளிடம் கேட்பார். உரிமத்தைப் பார்த்து, வண்டியின் பின்பக்கத்தைத் திறக்கச் சொல்லி, கடைசியில் கருகல் நோய்க்கு எத்தனை நாளைக்கு ஒரு முறை மருந்தடிக்கிறீர்கள் என்று விசாரிப்பார். இது ஏதோ புது மாதிரி விசாரணை என்று பயந்து, சிலர் பக்கத்து நிலத்துக்காரன் அடிக்கிற மருந்தையும் சேர்த்துச் சொன்னார்கள்.

மற்ற விஷயங்களிலும் கவனமாக இருந்தார். அவருடைய பச்சைச் சீருடைச் சட்டைகள் ஒரு நாளும் வெளிக்கொடியில் காய்ந்ததில்லை. குளியலறைக்குள்ளேயே தொங்கும், எப்போதும் கொஞ்சம் புளித்த வாடை அடிக்கும். கூட வேலை பார்த்த இரண்டு பேருடைய சவ அடக்கத்துக்குப் போய்வந்தபோது, கல்யாணத்துக்குப் போய்வந்ததாகச் சொன்னார். காலையில் காரை எடுக்கும் முன் கீழே குண்டு இருக்கிறதா என்று முழங்காலிட்டுப் பார்க்க வேண்டும். பூனையைத் தேடுகிறேன் என்று பிலோமினாவிடம் சொல்லிவைத்திருந்தார். அவர்களிடம் பூனை கிடையாது. இரண்டு மாதம் கழித்து பிலோமினா ஒரு சாம்பல் நிறக் குட்டியைக் கொண்டுவந்து ஐரீனிடம் கொடுத்தாள். வீட்டில் பூனை ஒன்று இருப்பது நல்லது என்று மட்டும் சொன்னாள்.

இப்படியே ஐந்து வருடம் போனது. பொய்யை நெடுநாள் சொல்பவர் பொய்யில் தேர்ந்துவிடுவார் என்பார்கள். வெஸ்லி கிழங்கில் தேர்ந்துவிட்டார். தெருக்கோடியில் இருந்த ஹ்யூ மகோரியனின் பாத்தியில் கருகல் விழுந்தபோது, தண்டுகளையெல்லாம் உடனே அறுத்துப்போடச் சொன்னார், கிழங்கு தப்பியது. நடும்போது குழியில் வெட்டிய புல்லைப் போட்டால் சொறி குறையும் என்று சொல்லிக்கொடுத்தார், குறைந்தது. சனிக்கிழமைகளில் அவர் வாசலில் தட்டோடு நான்கைந்து பேர் நின்றார்கள்.

அந்த மகோரியன்தான் ஊர்த் தோட்டக் கண்காட்சியின் செயலாளர். 1986 செப்டம்பரில், வழக்கமான நடுவர் இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டதால், கிழங்குப் போட்டிக்கு வெஸ்லியைக் கூப்பிட்டார். மாட்டேன் என்று எந்தக் கிழங்கு ஆய்வாளர் சொல்வார்?

தட்டுக்கு ஐந்து கிழங்கு, இருபத்திரண்டு தட்டு. வெஸ்லி ஒரு மணி நேரம் குனிந்து குனிந்து பார்த்தார். முதல் பரிசை மலைப்பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார். இரண்டாவது பிலோமினாவுக்கு. பிலோமினா உதட்டை மடித்துக்கொண்டு நின்றாள்.

பரிசு கிடைக்காதவர்களில் ஒருவன் யாருக்கும் பழக்கமில்லாத ஆள், தோல் சட்டை போட்டவன். அவன் சத்தம் போடவில்லை. மெதுவாகவே கேட்டான்.

"எந்த ஆபீஸ்ல இருக்கீங்க? என் மச்சான் கிழங்கு ஆபீஸ்லதான் இருக்கான். டாரன்ஸ்னு ஒருத்தர் இருக்கிறதா அவன் சொன்னதே இல்லையே."

அந்தக் காலத்தில் அப்படிக் கேட்பவர்கள் இரண்டு வகை: வம்புக்குக் கேட்பவர்கள், வேறொருவருக்காகக் கேட்பவர்கள். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வெஸ்லி மீதிப் பரிசுச் சீட்டுகளை அடுக்கத் தொடங்கினார். ஐரீன் கேக் மேசைக்குப் பின்னால் கத்தியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். ஒன்பது கோப்பைகளையும் மறுபடி கட்ட வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது என்று பிற்பாடு சொன்னாள்.

பிலோமினா முன்னால் வந்தாள்.

"ஆபீஸ்ல உக்காந்திருக்கறவனுக்கு இவர எப்படிய்யா தெரியும்? இவர் சேத்துல நிக்கிற ஆளு. அஞ்சு வருஷமா என் தோட்டத்துக்கு வர்றாரு. உங்க மச்சான ஒரு நாளாவது அங்க பாத்திருக்கேனா?"

மண்டபத்தில் சிரித்தார்கள். மகோரியன் தன் கருகல் நோய்க் கதையைத் தொடங்கினார். அது குறுகிய கதை அல்ல. அதன் நடுவில் வேறொருவர் புல் வைத்தியத்தைச் சொன்னார். அதற்குள் இன்னொருவருக்குத் தன் கிழங்கின் கருங்கால் நோய் ஞாபகம் வந்தது. தோல் சட்டைக்காரன் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு தன் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அப்படியும் வெஸ்லிக்கு மனம் அடங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பெட்டிகளை இறக்கினார். ஐரீன் செய்தித்தாளை எடுத்தாள். ஏழு கோப்பைகள் கட்டியாகிவிட்டபோது கதவு தட்டப்பட்டது. பிலோமினா, கையில் இரண்டாம் பரிசுத் தட்டு. சண்டை போட வந்தவள் பெட்டியைப் பார்த்தாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

வெஸ்லி ஏதோ அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று ஆரம்பித்தார். பிலோமினா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"போதும் தம்பி. மொத நாளே தெரியும். தோள்ல ஒரு மூட்டை வச்சிருந்தியே, பாதி பச்சை பூத்துக் கெடந்துச்சு, மீதி முளைவிட்டு ஓட்டை வழியா எட்டிப் பாத்துச்சு. அதக் காசு குடுத்து வாங்குனவன் கிழங்கு ஆய்வாளர்னா, நான் போப்பாண்டவர்."

தெருவில் வேறு யாருக்குத் தெரியும் என்று ஐரீன் கேட்டாள்.

"யாருக்குத் தெரியாதுன்னு கேளு கண்ணு."

போன வருடம் காரில் வந்த இரண்டு பேர், இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார்களாம். அவர்கள் விசாரித்தது மகோரியனிடம். கிழங்கு ஆய்வாளர் என்று சொல்லி, கருகல் நோயைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார். அவர்கள் திரும்பி வரவில்லை.

எங்கள் தெருவைப் புகழ எனக்குத் தயக்கம் உண்டு. போலீஸை விரும்புகிற தெரு அல்ல அது. சாலைச் சோதனையில் அவமானப்பட்டவர்கள் பாதி வீடுகளில் இருந்தார்கள். பிலோமினாவின் தங்கை மகனைக் காரணமில்லாமல் மூன்று நாள் பிடித்து வைத்திருந்தார்கள். அதற்காக அவள் யாரையும் மன்னித்ததாகவும் தெரியவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கிழங்கு ஆய்வாளர் என்று தெரு முடிவு செய்துவிட்டது. அதற்குமேல் அந்த விஷயத்தில் யோசிக்க அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

"கட்டுனதப் பிரி கண்ணு," என்றாள் பிலோமினா. "கத்திக் கத்தித் தொண்ட வறண்டுபோச்சு. டீ போடு."

ஐரீன் மூன்று கோப்பைகளைப் பிரித்தாள். பிறகு மற்ற நான்கையும் பிரித்து அலமாரியில் வைத்தாள்.

டீ வந்ததும் பிலோமினா தட்டை வெஸ்லியின் முன்னால் நகர்த்தினாள். "இப்பச் சொல்லு. எதுக்கு ரெண்டாவது?"

வெஸ்லி மூன்றாவது கிழங்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். முளைக்கண்ணுக்குப் பக்கத்தில் அரிசி முனை அளவு சொறி இருந்தது. அது சொறியே இல்லை, கல் உரசிய தடம் என்றாள் பிலோமினா. டீ ஆறும்வரை வாதாடினாள். வேறு எதை வேண்டுமானாலும் கேளுங்கள், இதை மாற்ற முடியாது என்று அவர் சொல்லிவிட்டார்.

பூனை அவர்கள் காலடியிலேயே படுத்திருந்தது. பதினான்கு வருடம் இருந்தது.

வெஸ்லி 1995-ல் ஓய்வு பெற்றார்; ஆயுதக் குழுக்கள் சண்டையை நிறுத்தி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த ஜூனில் ஐரீன் கடைசி நான்கு பச்சைச் சட்டைகளை வெளிக்கொடியில் காயப்போட்டாள். தெருவில் எல்லோரும் அன்று வேலியோரமாக ஏதோ வேலை வைத்துக்கொண்டார்கள். காலரை இன்னும் கொஞ்சம் கசக்கியிருக்கலாம் என்று பிலோமினா மட்டும் சொன்னாள்.

கண்காட்சியில் அவர் பதினேழு வருடம் நடுவராக இருந்தார். பிலோமினா சாகிறவரை தவறாமல் தட்டு வைத்தாள். ஒரு தடவைகூட அவளுக்கு அவர் முதல் பரிசு கொடுக்கவில்லை.