எலிசாள் பார்த்த நாரைக்கூடு

ஓணம் முடிந்த கையோடு எலிசாள் கரமனைக்கு வந்து சேர்ந்தாள். ஐந்தாம் மாடியில் ஒரு ஃபிளாட். குளியலறையில் வழுக்கி விழுந்து, ஆப்பரேஷனுக்குப் பிறகும் எழுந்து நடக்க முடியாமல் போன பகவதி மாமியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாமிக்கு ஒரே மகன், அவன் கனடாவில். "பிராமண வீடாக்கும். மீனும் இறைச்சியும் உள்ளே ஏறக்கூடாது. ஒத்துப் போகுமா?" என்று கேட்டான் ஏஜென்ஸிக்காரன். எலிசாள் சிரித்துக்கொண்டாள். இருபது வருஷத்துக்கு மேலாக ஹோம் நர்ஸ் வேலை. படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள், நினைவு தவறியவர்கள், காரணமில்லாமல் கத்துகிறவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. ஒத்து வராது என்று அவள் பாதியில் திரும்பிய வீடு கிடையாது.

அவளுக்கு ஊர் பாறசாலைப் பக்கம். புருஷன் ராஜையன் லாரியில் சுமையேற்றப் போகிறவன். லாரி கவிழ்ந்து அவன் போனபோது மகள் சிஜிக்கு நாலு வயசு. ராஜையனின் அக்காள் தாசம்மாள், கல்யாணம் ஆகாதவள், அதே வீட்டில்தான் இருந்தாள். "நீ வேலைக்குப் போ. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்று சொன்னது அவள்தான். சொன்னதற்குக் குறைவில்லாமல் பார்த்துக்கொண்டாள். காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி, ஸ்கூலில் கூப்பிட்டால் ஸ்கூல், பெண் பெரியவளானபோது செய்ய வேண்டியது, எல்லாம் தாசம்மாள். எலிசாள் மாசம் ஒருமுறை வந்து ஒரு ராத்திரி தங்கிப் போவாள். வேலை பார்க்கும் வீட்டில் விடாவிட்டால் அதுவும் இல்லை.

அந்தப் பக்கம் பெற்றவளை அம்மை என்றுதான் கூப்பிடுவார்கள். சிஜி தாசம்மாளை அம்மை என்றாள். எலிசாளுக்குப் பாடப்புத்தகத்தில் உள்ள ‘அம்மா’வை வைத்துக்கொண்டாள். கூடவே ‘நீங்க’ என்ற மரியாதையும் வந்தது. தாசம்மாளை அவள் ‘நீ’ என்பாள்.

கரமனை வீட்டில் மாமியின் கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. எதிர்ச்சாரியில் ஒரு லாட்ஜ். அதன் மொட்டைமாடியில் மொபைல் டவர் நிற்கும். டவரின் நடுத்தட்டு சரியாக இந்த ஜன்னலுக்கு நேரே வரும். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு நாள் காலை மாமி, "எலிசா, இங்கே வாயேன், யாரோ குடி வந்திருக்கா" என்று கூப்பிட்டாள். இரண்டு பெரிய பறவைகள். கறுப்பு உடம்பு, கழுத்தில் மட்டும் பஞ்சு சுற்றினாற்போல வெள்ளை. குச்சி குச்சியாகக் கொண்டுவந்து தட்டில் போட்டுக்கொண்டிருந்தன. மாமியின் மகன் வீடியோ காலில் பார்த்துவிட்டு, வெண்கழுத்து நாரை, இப்போதெல்லாம் மரம் கிடைக்காமல் டவரில் ஏறிவிட்டன என்றான்.

பொங்கல் தாண்டியதும் முட்டை வைத்துவிட்டன. கூட்டுக்குள் எட்டிப் பார்க்க வழியில்லை, ஆனாலும் தெரிந்தது. அதுவரை இரண்டும் சேர்ந்தே வரும், சேர்ந்தே போகும். இப்போது எப்போது பார்த்தாலும் ஒன்று கூட்டில் இருந்தது. மாமிக்குப் பொழுது அதிலேயே போயிற்று. டிவி போட வேண்டாம் என்றுவிட்டாள்.

"அதோ மத்தது வரது, பாரு பாரு."

வயல்பக்கம் இரை தேடிப் போன பறவை வாயில் ஒரு கற்றைப் புல்லோடு வந்து இறங்கும். உட்கார்ந்திருப்பது எழுந்துகொள்ளாது. வந்தது தலையைத் தாழ்த்தி அலகை டடடடவென்று தட்டும். இதுவும் பதிலுக்குத் தட்டும். பிறகுதான் எழுந்து, காலை நீட்டிச் சோம்பல் முறித்து, பறந்து போகும். வந்தது புல்லைக் கூட்டில் செருகிவிட்டு, அலகைக் கீழே விட்டு எதையோ மெதுவாகப் புரட்டும். அப்புறம் இப்படியும் அப்படியும் அசைந்து அசைந்து உட்காரும்.

"முட்டையைத் திருப்பி விடறது. ஒரு பக்கமே சூடு பட்டா ஆகாதாம்" என்றாள் மாமி. எலிசாள் அப்போது மாமியை இடதுபக்கம் புரட்டி, முதுகில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். படுக்கைப்புண் வராமலிருக்க அடிக்கடி செய்ய வேண்டிய வேலை. மாமி சிரித்துவிட்டாள். "உன்னாட்டமேதான்."

உச்சிவெயிலில் கூட்டில் இருக்கும் பறவை உட்காராது. எழுந்து நின்று சிறகைப் பாதி விரித்துக் குடை பிடிக்கும். மற்றது எங்கிருந்தோ தொண்டையில் தண்ணீர் கொண்டுவந்து முட்டைமேல் கக்கும். எலிசாள் முதலில் இதையெல்லாம் மாமிக்காகப் பார்த்தாள். போகப்போக அடுக்களையில் இருந்துகொண்டே காது கொடுத்தாள். அலகு தட்டும் சத்தம் கேட்டால் கையில் கரண்டியோடு ஜன்னலுக்கு வந்துவிடுவாள்.

சிஜிக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. காட்டாக்கடையில் கட்டிக்கொடுத்திருந்தது. மாப்பிள்ளை பிரவின்ராஜ் ஏசி மெக்கானிக். ஏழாம் மாசம் அழைத்துவரும் சடங்குக்கு எலிசாள் ஒரு நாள் லீவில் போயிருந்தாள். பலகாரம் கட்டியதும் சேலை எடுத்ததும் தாசம்மாள். எலிசாள் பந்தியில் விளம்பினாள், பாத்திரம் கழுவினாள், மாலை பஸ்ஸுக்குத் திரும்பினாள்.

மாசி பிறப்பதற்கு முந்தின வாரம் எலிசாள் தானாகவே சிஜிக்கு ஃபோன் செய்தாள்.

"மக்களே, பிரசவத்துக்கு நான் வந்து நிக்கட்டா? லீவு சொல்லுதேன்."

"வேண்டாம் அம்மா. உங்களுக்கு வல்லாத்த சிரமம். இங்க அம்மை இருக்கு. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில எல்லாரும் அம்மைக்குத் தெரிஞ்சவங்க."

"ஆளு வேணுமில்லியா, ராத்திரி முழிக்க?"

"குழப்பமில்ல அம்மா. பிள்ளை பிறந்தா விளிக்கேன், வந்து பாத்துட்டுப் போங்க."

கோபத்தில் சொல்லவில்லை. யாரோ தூரத்து உறவுக்காரிக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று நினைக்கிறவள் மாதிரி சொன்னாள். ஃபோனை வைத்த பிறகு எலிசாள் மாமிக்குக் கஞ்சி கொடுத்தாள். உப்புப் போட மறந்திருந்தாள். மாமி அதை அப்படியே குடித்து முடித்தாள்.

சில நாள் கழித்து ஒரு பறவை திரும்பி வரவில்லை.

காலையில் போனது. பத்து மணிக்குள் வந்துவிடும் வழக்கம். மத்தியானமாயிற்று, சாயங்காலமாயிற்று. கம்பியில் அடிபட்டதோ, வயலில் யாரும் என்ன செய்தார்களோ, தெரியவில்லை. கூட்டில் இருந்தது அந்த வெயில் முழுக்க ஒற்றையாய்ச் சிறகு விரித்து நின்றது. மறுநாளும் நின்றது. அலகைத் திறந்து மூச்சு வாங்கியது. வயல் இருக்கும் திசையிலேயே பார்த்துக்கொண்டிருந்தது. எந்தப் பெரிய பறவை ஆகாயத்தில் போனாலும் தலையைத் தாழ்த்தி அலகைத் தட்டிப் பார்க்கும். அது பருந்தாக இருக்கும். நிறுத்திவிடும்.

"ஏதானும் பண்ண முடியாதா? கீழே லாட்ஜ்காராகிட்ட சொல்லேன், ஒரு மீனாவது வைக்கட்டும்" என்றாள் மாமி, ஆயுசில் மீன் என்ற சொல்லை வாயில் எடுக்காதவள்.

எலிசாள் இறங்கிப் போய்ச் சொன்னாள். லாட்ஜ் மேனேஜர் திரவியம், திருநெல்வேலிக்காரர், நல்ல மனுஷன். மொட்டைமாடியில் மத்திச்சாளை மீன் வாங்கி வைத்தார். காக்காய்கள் வந்துவிட்டன. அதோடு அதையும் நிறுத்தும்படி ஆயிற்று.

அதற்கடுத்த நாள் காலையில் அது எழுந்தது. முட்டையைப் புரட்டிவிட்டது. தட்டின் விளிம்புக்கு வந்து நின்றது, திரும்பப் போய் உட்கார்ந்தது. மறுபடி எழுந்தது. மூன்று நாளாக இரையில்லை. கடைசியில் பறந்து போயிற்று. அது வயலுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமோ என்னவோ, அதற்குள் கூட்டில் காக்காய் இறங்கிவிட்டது. எலிசாள் ஜன்னல் கம்பியில் கரண்டியால் அடித்தாள், கையை வீசினாள். தெருவுக்கு அந்தப்பக்கம் இருக்கும் காக்காய்க்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? ஒரு முட்டையைக் கொத்தித் தூக்கிக்கொண்டு போனது. மற்றதுகள் வந்தன.

நாரை வயிறு நிரம்பித் திரும்பி வந்தபோது கூடு கலைந்து கிடந்தது. அது நின்று பார்த்தது. குனிந்து குச்சிகளுக்கிடையில் அலகைவிட்டுத் தேடியது. பிறகு அந்தக் காலிக் கூட்டில், முன்போலவே இப்படியும் அப்படியும் அசைந்து, உட்கார்ந்துகொண்டது. மாமி திரையை இழுத்துவிடச் சொன்னாள்.

அன்று மத்தியானம் எலிசாள் மாமியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மாமிக்கு அவள் கதை முழுக்கத் தெரியும். ஆறேழு மாசமாகக் கேட்டதுதான்.

"அசடே, அது என்ன பண்ணும் சொல்லு. ஒத்தையாப் போயிடுத்து. பசியோட எத்தனை நாள் உக்காரும்? நீயும் அப்படித்தானே. ஆம்படையான் போயிட்டான், குழந்தையை விட்டுட்டு வெளியில போகாம முடியுமோ? யாரும் உன்னைக் குத்தம் சொல்ல மாட்டா, கேட்டியோ."

எலிசாள் துண்டைப் பிழிந்து கொடியில் போட்டாள். திரும்பி வந்துதான் பேசினாள்.

"அது தனிச்சுப் போச்சு மாமி. நான் தனிச்சில்ல. வீட்டுல தாசம்மா இருந்தா. முதல்ல நான் போனது சரி, போகாம முடியாது. சிஜி எட்டாம் கிளாஸ் போகும்போ வீடு கான்கிரீட் வார்த்து முடிஞ்சாச்சு. ஊரிலயே மிஷன் ஆஸ்பத்திரியில ஆள் எடுத்தாங்க, ஆயா வேலை, பகல் மட்டும். தாசம்மாளே வந்து சொன்னா, வந்துரு எலிசாளேன்னு. நான் போகல்ல."

"ஏன்?"

"நோயாளி வீட்டுல எனக்கு எல்லாம் தெரியும். எந்த மருந்து எப்போன்னு, எப்படிப் பிடிச்சாத் தூக்கலாம்ன்னு. நான் ஒரு நாள் இல்லைன்னா அவங்களுக்கு ஓடாது. எங்க வீட்டுக்குப் போனா எந்த டப்பாவுல சீனி இருக்குன்னு தெரியாது. பிள்ளைக்கு என்ன பிடிக்கும்ன்னு தாசம்மாட்ட கேக்கணும். வெக்கமாட்டு இருக்கும் மாமி. அதனால அடுத்த வருஷம், அடுத்த வருஷம்ன்னு விட்டுட்டேன். அந்தப் பறவை திரும்பி வந்துச்சு. முட்டை போன பிறகும் வந்துச்சு."

மாமி அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "ஏஜென்ஸிக்கு ஃபோன் போடு. வேற ஆளை அனுப்பச் சொல்லு" என்றாள்.

"சிஜி வேண்டாம்ன்னு சொல்லிட்டா மாமி."

"அவ வேண்டாம்ன்னா வாசல்ல உக்காரு."

ஏஜென்ஸி அனுப்பிய பெண் வந்து வேலை பழகிக்கொள்ள ஒரு வாரம் பிடித்தது. மாமியை எப்படிப் புரட்டுவது என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு எலிசாள் கிளம்பும் அன்றுதான் தாசம்மாளின் ஃபோன் வந்தது. பிள்ளை முந்திக்கொண்டது. ஆண்பிள்ளை. சுகப்பிரசவம், விடியற்காலையிலேயே. கரமனையிலிருந்து நெய்யாற்றின்கரை பஸ்ஸில் எலிசாள் நின்றுகொண்டே போனாள். அவள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை குளித்து, பொட்டலமாய்ச் சுற்றி, தாசம்மாள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"அதுக்குள்ள வந்துட்டீங்களா? எப்ப திரும்பணும்?" என்று கேட்டாள் சிஜி.

"போகல்ல மக்களே. வேலைய விட்டாச்சு."

சிஜி தலையாட்டினாள். நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு எலிசாள் என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாவற்றையும் செய்தாள். வெந்நீர் வைத்தாள், துணி அலசினாள், மருந்துக் கஞ்சி காய்ச்சினாள். பிள்ளையைத் தாசம்மாள்தான் குளிப்பாட்டினாள். எலிசாள் பக்கத்தில் நின்று சொம்பில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். எத்தனையோ பேர் வீட்டுப் பெரியவர்களைக் குளிப்பாட்டிய கை. சொந்த மகளை எத்தனை தடவை குளிப்பாட்டியிருப்போம் என்று யோசித்துப் பார்த்தாள். நாலு வயசுக்கு மேல் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

ஒரு நாள் தாசம்மாள் சந்தைக்குப் போயிருந்தாள். சிஜி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எலிசாள் கதவருகில் நின்றபடியே சொன்னாள்.

"நான் முந்தியே வந்திருக்கணும் மக்களே. நீ எட்டாங்கிளாஸ் படிக்கும்போவே."

சிஜி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அந்த மிஷன் ஆஸ்பத்திரி வேலை தெரிந்திருந்தது. தாசம்மாள் எப்போதோ சொல்லியிருக்கிறாள்.

"நீங்க போனதுல எனக்கு ஒண்ணுமில்ல அம்மா. ஸ்கூல்ல பாதிப் பேரோட அம்மாமாரு கல்ஃப்ல இருந்தாங்க. நீங்க வருவீங்கல்லியா, அப்பதான் சங்கடம். வந்ததுல இருந்து மணி பாத்துட்டே இருப்பீங்க. பஸ்ஸு விட்டுப் போகும், பஸ்ஸு விட்டுப் போகும்ன்னு. சின்னதுல ஒரு தடவ உங்க செருப்ப ஒளிச்சு வச்சேன். நீங்க அம்மைக்க செருப்பப் போட்டுட்டுப் போயிட்டீங்க."

எலிசாளுக்கு அந்தச் செருப்பு ஞாபகமே இல்லை. எங்கே வைத்தோம் என்று எரிச்சலோடு தேடியிருப்பாள். அவ்வளவுதான் இருந்திருக்கும். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் பிள்ளை பால் கக்கிவிட்டது. சிஜி, "அம்மா, அந்தத் துணிய எடுங்க" என்றாள். எடுத்துக் கொடுத்தாள்.

மூன்றாம் மாசம் பிரவின்ராஜ் கார் கொண்டுவந்து சிஜியையும் பிள்ளையையும் காட்டாக்கடைக்கு அழைத்துப் போனான். முறைப்படி போக வேண்டியதுதான். தொட்டில் கட்டிய கம்பி மட்டும் உத்தரத்தில் மிஞ்சியது. எலிசாள் ஒருவழியாக வந்து உட்கார்ந்தபோது அந்த வீட்டில் பார்த்துக்கொள்ளப் பிள்ளை இல்லை. தாசம்மாளும் அவளும்தான். கரமனையில் அவளை மறுபடி கூப்பிட்டார்கள். போகவில்லை. படுக்கையில் கிடப்பவர்களை வீடுவீடாகப் போய்ப் பார்க்கும் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் வண்டியில் பகலில் மட்டும் போய் வருகிறாள்.

மாலையில் சிஜி ஃபோன் செய்வாள், தாசம்மாளுக்குத்தான். பிள்ளை தூங்கவில்லை, வயிறு உப்பியிருக்கிறது, இப்படி ஏதாவது. தாசம்மாள் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு கீரை ஆய்வாள். எல்லாம் பேசி முடித்த பிறகு, வைக்கப் போகும் நேரத்தில் சிஜி கேட்பாள்.

"அம்மா அங்க இருக்காங்களா?"

"இருக்கேன் மக்களே" என்பாள் எலிசாள்.

"சரி" என்று சிஜி வைத்துவிடுவாள்.