பட்டாள பேண்டுக்கு ஊதிய கல்யாணப் பாட்டு

யுத்த காலத்தில் விழுப்புரத்தில் பட்டாள பேண்டுக்கு ஆள் எடுத்தார்கள். நான் அப்போது திண்டிவனத்தில் படித்துக்கொண்டே மாதாகோயில் பேண்டில் டூபா என்ற பெரிய பித்தளைக் குழலை ஊதிக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் காலரா. சவப்பெட்டி சுமப்பவர்களின் நடைக்கு ஏற்ப மூச்சு விட்டு, அடக்கப் பாட்டுகளாகவே ஊதித் தள்ளினோம். அந்தச் சனியனே வேண்டாமென்று பட்டாள பேண்டுத் தேர்வுக்கு ஒரு கல்யாணப் பாட்டை எடுத்து, உதடு வீங்கும்வரை பழகினேன்.

ஆனால் தேர்வில் ஊத ஆரம்பித்ததுமே என் மூச்சு பெட்டி சுமப்பவர்களின் நடைக்கு இறங்கிவிட்டது. பட்டாள பேண்டு மாஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னாப்பா, கல்யாணத்தை அடக்கம் பண்ணிக்கினு இருக்கே?"

எரிச்சலோடு டூபாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

"எங்க போறே? உன்னை எடுத்தாச்சு. சண்டை முனையில எங்களுக்குத் தெனமும் இதுதான் வேணும்" என்றார்.