சாமியறைக்கு மேல் விழுந்த பனி

1996 தை மாதம், ஒரு சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியிலிருந்து புறப்பட்டோம். போக வேண்டிய இடம் கொலிங்வூட்டுக்கு மேலே உள்ள மலைச்சரிவு. ரொறன்ரோவிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீற்றர். லோறன்ஸ் வீதியில் லீற்றர் ஐம்பத்தைந்து சதத்துக்குப் பெற்றோல் அடித்தேன். வான் வண்டி என்னுடையது. ஏணியும் பனி அள்ளுகிற இரண்டு சவளும் கயிறும் எப்போதும் பின்னால் கிடக்கும். கோடையில் கூரை வேலை, குளிரில் யார் எங்கே கூப்பிட்டாலும் போவேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு ஜேர்மனியிலும் பிரான்ஸிலும் கிடைத்த வேலைகளோடு ஒப்பிட்டால் அது நல்ல வேலைதான். இன்றைக்கும் அந்த வருடங்களை நினைத்தால் அந்த வானின் மணம்தான் முதலில் வருகிறது: தார், ஈரக் கம்பளி, யாரோ கட்டிக் கொடுத்த இடியப்பம்.

என்னோடு இரண்டு பேர். ஒருவர் குலேந்திரன் அண்ணை. ஊரில் எஞ்சினியராக இருந்தவர், இங்கே ஒரு கட்டட அலுவலகத்தில் பிளான் கீறிக் கொடுக்கிறார், இங்கே உரிமம் இல்லாததால் கையெழுத்து இன்னொருவருடையது. மற்றவர் மலரக்கா. அவருடைய கணவர் பரமேஸ் அண்ணை மலையடிவாரத்து ஹோட்டல் ஒன்றில் சமையல். பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்களுக்கு ஏழு வருடமாகச் சமைத்து, அங்கேயே வேலைக்காரர் அறையில் படுத்து, கிடைக்கிற லீவுக்கு வீட்டுக்கு வருவார். அக்கா வெக்ஸ்போர்ட்டில் ஒரு வீட்டின் கீழே பேஸ்மென்டில் இருந்துகொண்டு தொழிற்சாலைக்குப் போனார். இருவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பதற்காகவே மலையில் ஒரு துண்டுக் காணி வாங்கி வீடு கட்டினார்கள். பிளான் குலேந்திரன் அண்ணை கீறியது. அடுத்த வார ஞாயிறு புதுவீட்டுக் குடிபூரல். வெள்ளிக்கிழமை பின்னேரம் பரமேஸ் அண்ணை தொலைபேசியில் சொன்னது ஒரே ஒரு விசயம்: சாமியறைக் கதவு திறக்கவில்லை.

"மரம் ஊறிப் போச்சுப் போல" என்றார் மலரக்கா, 400ஆம் நெடுஞ்சாலையில் ஏறும்போது.

"தை மாதத்தில மரம் காயுமே தவிர ஊறாது" என்றார் குலேந்திரன் அண்ணை. பிறகு பின்னால் இருந்த அக்காவிடம் கேட்டார்: "சாப்பாட்டறைக்குப் பக்கத்தில இருக்கிற கதவுதானே?"

"இல்லை அண்ணை. வெளிய நீட்டிக் கட்டினது."

"எது வெளிய நீட்டினது? நான் கீறினதில ஒண்டும் வெளிய நீட்டேல்லையே."

"நீங்கள் கீறினதில சாமிக்கு நேரா மேல பாத்ரூம் எல்லோ வச்சிருந்தியள்."

குலேந்திரன் அண்ணை இருக்கையில் திரும்பி உட்கார்ந்தார். "பிள்ளை, குழாய் நேரா இறங்க வேணும் எண்டுதான் அப்பிடிக் கீறினது."

"குழாய் நேராத்தான் இறங்கும். அது பிள்ளையாற்றை தலைக்கு மேலாலை இறங்க வேண்டாம் எண்டன். ஏழு வருஷம் பேஸ்மென்டில சாமிப்படத்துக்கு மேல வீட்டுக்காரற்றை டொய்லெட். அவை தண்ணி இழுக்கிற சத்தத்துக்குள்ள நான் தேவாரம் படிச்சனான். சொந்த வீட்டிலையும் அதுவே?"

அதனால் அக்கா கட்டுகிறவனிடம் நேரே சொல்லி, வடகிழக்கு மூலையில், மாடி வீட்டின் பக்கத்தோடு ஒட்டி, மேலே ஒன்றும் இல்லாமல் ஒரு தனி அறை எழுப்பியிருக்கிறார். மேலே மனிதர் கால் படக்கூடாது; அதற்கு மேல் ஆகாயம்தான் இருக்க வேண்டும்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் மாட்டன் எண்டிருப்பியள்."

"ஓம், எண்டிருப்பன்தான்" என்றார் குலேந்திரன் அண்ணை.

பரி நகரத்தில் ஒரு கோப்பிக் கடையில் நிறுத்தினோம். அதுவரை வெயில். 26ஆம் வீதிக்குத் திரும்பி ஸ்டேனர் ஊரைத் தாண்டியதும் ஏரிப் பக்கத்திலிருந்து வெள்ளைச் சுவர்போல ஒன்று வந்தது. ஜோர்ஜியன் விரிகுடாவின் தண்ணீரைக் குடித்த காற்று மலையில் மோதினால் அப்படித்தான் கொட்டும். முன்னால் போன லொறியின் சிவப்பு விளக்கு தெரியும், பிறகு தெரியாது. நான் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி ஓட்டினேன். வானின் சூடு என் வலது காலுக்கு மட்டும்தான் வரும். அக்கா பின்னால் இருந்து தன் சால்வையை என் கழுத்தில் போட்டார்.

பத்தரை மணிபோல் போய்ச் சேர்ந்தோம். வீட்டைப் பார்த்ததும் எனக்குப் பிடித்தது. செங்குத்தான தகரக் கூரை, சரிவில் நிற்கும் சிடார் மரங்கள், புகைபோக்கி. முற்றத்தில் பனி முழங்கால் அளவு. ஆனால் வடகிழக்கு மூலையில் சாமியறைக் கூரையில் மட்டும் பனி ஒரு ஆள் உயரத்துக்குச் சுவரோடு சாய்ந்து, கடற்கரை மணல்திட்டுப்போல் கூர் எடுத்து நின்றது.

குலேந்திரன் அண்ணை இறங்கி, தொப்பியைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"காத்து மேற்கால வருது" என்றார் என்னிடம். "பெரிய கூரைக்கு மேலால பனியைத் தூக்கிக்கொண்டு வந்து, இந்தப் பக்கம் காத்து அடங்கின இடத்தில போட்டிட்டுப் போகுது. பெரிய கூரையில மிச்சம் இருக்கிறதும் வெயில் பட்டா வழுக்கி இதுக்குத்தான் வரும். இஞ்ச சும்மாவே ரொறன்ரோவில விழுகிறதைப்போல ரெண்டு மூண்டு மடங்கு பாரம் போட்டுத்தான் கூரை கணக்குப் பாக்கிறது. இந்த அறைக்கு அதுக்கும் மேல வேணும். கட்டினவன் கராஜுக்குக் கட்டிற மாதிரிக் கட்டியிருக்கிறான்."

பரமேஸ் அண்ணை சமையல் உடுப்போடு வாசலில் நின்றார். காலைச் சாப்பாட்டு வேலையை முடித்து ஓடி வந்தவர். "சவளை எடுங்கோ, ஏறி வழிப்பம்" என்றார்.

"ஒருத்தரும் ஏறக்கூடாது. உங்கட நிறையையும் சேத்து அது ஏன் தாங்க வேணும்? முதல் உள்ளுக்க முண்டு குடுக்க வேணும்."

கதவை உடைத்துத்தான் திறந்தோம். உள்ளே மேற்கூரைப் பலகை நடுவில் வெடித்து, ஒரு விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. கதவுநிலையின் மேல்பக்கம் அமுங்கியதால்தான் கதவு இறுகியிருக்கிறது. கீழே தரையில் புதுக் குத்துவிளக்கு இரண்டு, காகிதம் பிரிக்காமல் இருந்தன. அக்கா அவற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நகரத்துக்குப் போய் இரும்புக் கடையில் திருகி உயர்த்தும் இரும்புத் தூண் நான்கு வாங்கி வந்தோம். நடுவில் குறுக்காக ஒரு தடித்த மரம் வைத்து, அதன் கீழ் தூண்களை நிறுத்தி, நானும் பரமேஸ் அண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினோம். கூரை நெரிந்து சத்தம் போட்டது. "காணும், காணும். தூக்க வேண்டாம், பிடிச்சா போதும்" என்று குலேந்திரன் அண்ணை சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிறகு நான் ஏணியில் நின்று, நீளக் கம்பில் கட்டிய பலகையால் பனியை இழுத்துத் தள்ளத் தொடங்கினேன். பாதி முடிந்திருக்கும். திடீரென்று வெயில் அடித்தது. மேலே தகரத்தில் ஒரு உரசல். "இறங்கு தம்பி" என்று யாரோ கத்தினார்கள். நான் ஏணியின் பக்கத்தால் குதித்துவிட்டேன். பெரிய கூரையின் ஒரு பக்கப் பனி முழுவதும் பாயை உதறினதுபோல் வந்து சாமியறை மேல் விழுந்தது. நிலம் அதிர்ந்தது. அக்கா பனிக்குள் நின்றபடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

கூரை நின்றது. தூண் ஒன்று மட்டும் தரைத்தட்டில் கொஞ்சம் பதிந்திருந்தது.

மத்தியானம் சமையலறையில் பெட்டிகளின் மேல் இருந்து சாப்பிட்டோம். அங்கேதான் சண்டை வந்தது.

"இடிச்சுப்போட்டு உள்ளுக்க கொண்டு வாங்கோ" என்றார் குலேந்திரன் அண்ணை. "பாத்ரூமை வேணுமெண்டா நான் மாத்திக் கீறித் தாறன். மேல படுக்கையறை வரும், அவ்வளவுதான்."

"படுக்கையறை மட்டும் என்ன? நாங்கள் சாமிக்கு மேல படுக்கிறதே?"

"மலர், மனுசன் சொல்லுறதைக் கேளும்" என்றார் பரமேஸ் அண்ணை.

"நீங்கள் பேசாதேங்கோ. ஏழு வருஷமா உங்களுக்கு மேல ஹோட்டல்காரன்தான் நடந்தவன், உங்களுக்குப் பழகிப்போச்சு." பிறகு குலேந்திரன் அண்ணையைப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது. "அண்ணை, நான் இந்த வீட்டில வேற ஒண்டும் கேக்கேல்லை. இந்தக் குசினி சின்னன் எண்டு தெரியும், சொன்னனானே? சாமிக்கு மேல ஆள் நடக்காமல் ஒரு இடம். அது ஏலாது எண்டா நான் பேஸ்மென்டிலையே இருக்கிறன். இவர் வாற நேரம் வரட்டும்."

ஒருவரும் சாப்பிடவில்லை. வெளியே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

குலேந்திரன் அண்ணை ரொட்டிப் பெட்டிகளைத் தன் பக்கம் இழுத்தார். பெரிய பெட்டியை வீடாகவும் சின்னப் பெட்டியைச் சாமியறையாகவும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சின்னதுக்கு மேல் இன்னொரு சின்னப் பெட்டி வைத்தார். இரண்டும் ஒரே உயரமாயின. "பெரிய கூரைக்கும் சின்னக் கூரைக்கும் இடையில இருந்த படிதான் பிரச்சினை" என்றார். "படி இல்லாட்டிப் பனி தங்க இடமில்லை. சாமியறைச் சுவரை மாடி மட்டத்துக்கு உயர்த்தி, பெரிய கூரையை அதுக்கு மேலாலும் நீட்டினா சரி."

"அப்ப சாமிக்கு மேல ஒரு அறை வருமே" என்றார் அக்கா.

"வரும். ஆனா ஏற மாடிப்படி வைக்கமாட்டன். கதவு வைக்கமாட்டன். யன்னலும் இல்லை. காத்துப் போக ஒரு சல்லடை மட்டும். ஒருத்தரும் போகேலாது."

அக்கா மேலே இருந்த சின்னப் பெட்டியைத் தொட்டார். "ஒருநாளுமோ?"

"ஒருநாளும்."

"அதுக்கும் வரி கட்ட வேணுமோ?" என்று கேட்டார் பரமேஸ் அண்ணை. அக்கா அவருடைய முதுகில் ஒரு அடி போட்டார். அப்போதுதான் சாப்பாடு திரும்பத் தொடங்கியது.

குடிபூரல் சொன்னபடி அடுத்த வார ஞாயிறே நடந்தது. ஸ்காபரோவிலிருந்து பதினைந்து கார்கள் வந்தன. றிச்மண்ட் ஹில்லிலிருந்து கூட்டி வந்த ஐயர் சாமியறைக்குள் நான்கு இரும்புத் தூண்களைக் கண்டு, இது என்ன என்று கேட்டார். அக்கா ஒவ்வொன்றிலும் மூன்று விரலால் திருநீறு பூசிவிட்டுப் பால் காய்ச்சப் போனார். ஐயர் தூண்களைச் சுற்றித் தீபம் காட்டினார்.

வைகாசியில் நானும் குலேந்திரன் அண்ணையும் திரும்பப் போனோம். அதே வீதி, இந்தமுறை இருபக்கமும் பச்சை. அவர் அத்திவாரத்தைத் தோண்டிப் பார்த்து, மேல்மாடிப் பாரம் தாங்கும் என்று உறுதியான பிறகு, கையெழுத்து வைக்கிறவரிடம் புதுப் பிளானுக்குக் கையெழுத்து வாங்கியிருந்தார். அக்கா சாமிப் படங்களை முதலே குசினிக்கு மாற்றிவிட்டார். கீழே படம் இல்லை என்று தெரிந்தும், அந்த மேல்தட்டில் வேலை செய்த எட்டு நாளும் நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் நின்றேன். குலேந்திரன் அண்ணையும் அப்படியே. ஆணி குத்தும் என்று பரமேஸ் அண்ணை திட்டினார்.

கடைசி நாள் வெளிச்சுவரில் ஒரு ஆள் நுழையும் பலகை அளவு மட்டும் திறந்திருந்தது. நான் உள்ளே நின்று மரத்தூளைக் கூட்டி அள்ளினேன். புதுப் பைன் மரத்தின் மணம். சல்லடையால் வந்த வெளிச்சம் தரையில் கோடு கோடாக விழுந்தது. கட்டில் போடலாம், மேசை போடலாம், அவ்வளவு நல்ல அறை. எத்தனையோ நாட்டில் எத்தனையோ அறையில் படுத்திருக்கிறேன். விட்டுப் போக மனம் வராமல் நின்றது அங்கேதான். பிறகு அந்த இடைவெளியால் ஏணிக்கு இறங்கி, பலகையை வைத்து ஆணி அடித்தேன்.

கீழே அக்கா படங்களை ஒவ்வொன்றாகக் கொண்டு போய் வைத்தார். தூண்கள் இல்லாத அறை பெரிதாகத் தெரிந்தது. விளக்கை ஏற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, இப்ப மேல என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லை அக்கா."

அக்கா தலையாட்டினார். பரமேஸ் அண்ணை ஹோட்டலுக்குப் போகவில்லை அன்றைக்கு. வாசலில் கதிரை போட்டு இருந்தார். நாங்கள் வானில் ஏறியபோது பக்கத்துக் காணி வெள்ளைக்காரர் வேலிக்கு வந்து, அந்த யன்னல் இல்லாத மேலறை யாருக்கு என்று அவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். பரமேஸ் அண்ணை கையை விரித்து நீளமாக ஏதோ சொல்லத் தொடங்கினார். முடிவு எங்களுக்குக் கேட்கவில்லை. வளைவில் திரும்பும்போது, மாலை வெயிலில் கூரை ஒரே கோடாக, ஓரிடத்திலும் முறியாமல் போவதைக் குலேந்திரன் அண்ணை வானின் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.