நாடாப் புண் என்று நினைத்தேன்

காய்ச்சல் வந்த முதல் நாளும் மூன்று பாவாடை தைத்து முடித்தேன். எங்கள் ஊரான தலத்தெருவில் என் தையல் மிஷின் நிற்பது பெருநாளைக்கு மட்டும்தான். மூன்றாம் நாள் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கண்ணுக்குப் பின்னால் அப்படி ஒரு வலி.

ஆறாம் நாள் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை.

"உடம்புல எங்கயாச்சும் கறுப்பா பொருக்கு தட்டியிருக்காம்மா? வலிக்காது. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.

இருந்தது. இடுப்பில், பாவாடை நாடா இறுக்குகிற இடத்தில். நாடாப் புண் எந்தப் பெண்ணுக்குத்தான் வராது? இருபது வருஷமாகப் பாவாடை தைக்கிறவளுக்கு நாடாவைப் பற்றி இன்னொருவர் சொல்ல வேண்டுமா என்ற மிதப்பு வேறு.

மறுநாள் ரத்த அழுத்தம் இறங்கியது. புதுச்சேரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். என் கணவர் அழுது அன்றுதான் பார்த்தேன். செத்துவிடுவேன் என்று எனக்கும் பயம் வந்தது. இடுப்பில் ஊசி போட வந்த நர்ஸ் நாடாவைத் தளர்த்தியவர், அந்தக் கறுப்புப் பொருக்கைப் பார்த்துவிட்டார்.

"டாக்டர், இங்க வந்து பாருங்க!"

ஸ்க்ரப் டைபஸ் (உண்ணிக்கு உறவான பொடிப் பூச்சியின் குஞ்சு கடித்து வரும் காய்ச்சல்). டாக்ஸிசைக்ளின் (கிருமிக்கொல்லி மருந்து) ஏற்றினார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. மீன் ஆணம் ஊற்றிச் சோறு கேட்டேன். வார்டே சிரித்தது.

"செடி செத்தைப் பக்கம் போனீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

போகாமலா? குவைத்திலிருந்து கணவர் ஊரோடு வந்ததும் குரும்பகரம் பக்கம் ஒரு மனை வாங்கினோம். தினமும் சாயங்காலம் அங்கே புல்லில் உட்கார்ந்து, எங்கே அடுப்படி, எங்கே மிஷின் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். முன்பு அது நெல்வயல். உழவும் தண்ணீரும் இருந்தவரை அங்கே புதர் ஏது? மண் கொட்டி, கல் நட்டு, அடுத்த வருஷம் கட்டலாம் என்று போட்டுவைத்தோம். புல்லும் கருவையும் மண்டின. எலி வந்தது, எலியோடு பூச்சியும் வந்தது. பத்திரம் போட்டு வாங்கி நாங்களே காடு வளர்த்திருக்கிறோம்.

"அந்த மனையே வேணாம் புள்ள, வித்துடலாம்" என்றார் கணவர்.

"பொழைச்சு வந்ததே அதுல வீடு கட்டத்தான் மச்சான். மொதல்ல புல்லை வெட்டச் சொல்லுங்க."

வெட்டியாயிற்று. போன வாரம் அஸ்திவாரமும் தோண்டினார்கள். இப்போதும் தினம் போகிறேன், உட்காருவது மட்டும் நாற்காலியில்.

உங்களுக்கும் காய்ச்சல் விடாமல் அடித்தால், நாடாவைத் தளர்த்திப் பாருங்கள். கூச்சப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மனையிலிருந்து திரும்பியதும் குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று என் இடுப்பைச் சுற்றிப் பார்க்கிறேன். சின்னதாகத் தழும்பு இருக்கிறது. ஊரில் எத்தனையோ பேர் இடுப்பை அளந்தவள், என் இடுப்பை இப்போதுதான் பார்க்கிறேன். அந்த ஐந்து நிமிஷம், பெருநாள் இல்லாவிட்டாலும், என் மிஷின் நிற்கிறது.